கே2, ஆகஸ்ட் 1, 2008: பனிக்கட்டி விழுவதற்கு முன்பே கைவிட்டுப்போன நேரம்

கே2 மலையில் 2008 ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் 11 பேர் செத்துப்போனதைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வருவது அந்தப் பனிக்கட்டிதான். பாதைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த பனிப்பாறை உடைந்து விழுந்தது, கட்டியிருந்த கயிறுகளை அறுத்துக்கொண்டு போனது, மேலே நின்றவர்கள் இருட்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று கதை முடிந்துவிடும். தப்பில்லை, அதெல்லாம் நடந்ததுதான். ஆனால் அந்த நாளை மணிக்கணக்காகப் பிரித்து வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. பனிக்கட்டி விழுந்தது இரவு எட்டரை மணி வாக்கில். நாள் கெட்டுப்போனது அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னாலேயே, கயிறு எங்கே கட்டுவது என்ற ஒரு சாதாரண விஷயத்தில்.

நான் மலையேறுபவன் இல்லை. இந்த விபத்தைப் பற்றி உயிர்பிழைத்தவர்கள் கொடுத்த பேட்டிகளையும் அவர்களுக்குள் நடந்த சண்டைகளையும் பல வருடமாகப் படித்துக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான். அதனால் யார் கோழை யார் வீரன் என்ற பேச்சுக்குள் போகப்போவதில்லை. அன்றைக்கு எந்த மணிக்கு யார் எங்கே இருந்தார்கள், அந்த உயரத்தில் உடம்பும் மூளையும் என்ன நிலையில் இருக்கும், இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன்.

புட்டியின் கழுத்து

இடம் புரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். கே2 பாகிஸ்தான், சீன எல்லையில் காரகோரம் மலைத்தொடரில் இருக்கிறது. உயரம் 8,611 மீட்டர், எவரெஸ்டைவிட இருநூற்றுச் சொச்சம் மீட்டர்தான் குறைவு, ஆனால் ஏறுவதற்கு அதைவிடச் செங்குத்து, வானிலையும் மோசம். 1954 ஜூலை 31 அன்று இத்தாலியக் குழுவைச் சேர்ந்த இருவர் முதன்முதலாக உச்சியைத் தொட்டார்கள். அங்கிருந்து 2008 வரை, உச்சி தொட்டவர்கள் ஏறக்குறைய நாலு பேருக்கு ஒரு சாவு என்ற கணக்கு அந்த மலைக்கு இருந்தது. நாலு பேர் போனால் ஒருத்தர் சாவார் என்று இதற்கு அர்த்தமில்லை. செத்தவர்களில் பலர் உச்சியைப் பார்த்ததே இல்லை, ஏறிப்பார்த்துத் திரும்பியவர்கள் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. இருந்தாலும் வேறு எந்த மலையை வைத்துப் பார்த்தாலும் கலங்க வைக்கிற எண்தான்.

கடைசி முகாம், அதாவது நான்காவது முகாம், 'தோள்' என்று சொல்லப்படும் அகலமான பனிமேட்டில், ஏறக்குறைய 7,800 மீட்டருக்கு மேலே போடப்படும். அங்கிருந்து உச்சிக்குப் போகும் வழி முதலில் சரிவாக ஏறி, பிறகு பாறைகளுக்கு நடுவே ஒரு குறுகலான பனிச்சந்துக்குள் நுழைகிறது. அதற்குப் பெயர் பாட்டில்நெக், புட்டியின் கழுத்து. உயரம் 8,200 மீட்டர் வாக்கில், சாய்வு ஐம்பது டிகிரிக்கும் மேல். ஏணியைச் சுவரில் கொஞ்சம் சாய்த்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி, ஆனால் படிகள் கிடையாது, பூட்ஸுக்கு அடியில் மாட்டிய இரும்பு முட்களின் நுனியைப் பனியில் உதைத்து உதைத்துத்தான் நிற்க வேண்டும். அந்தச் சந்துக்கு நேர் மேலே பல மாடிக் கட்டடம்போல ஒரு பனிச்சுவர் தொங்குகிறது. மலையேறிகள் அதை செராக் என்பார்கள். சந்தின் மேல்முனையை அடைந்ததும் இடதுபக்கம் திரும்பி, அந்தச் சுவரின் காலடியை ஒட்டியே குறுக்காக நடந்து கடந்தால்தான் உச்சிக்குப் போகும் பனிவெளி வரும்.

செராக் என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் பனியாற்றின் விளிம்பு. பின்னாலிருந்து பனி தள்ளிக்கொண்டே இருக்கும், விளிம்பு மெதுவாக வெளியே நீண்டுகொண்டே வரும், ஒரு கட்டத்தில் உடையும். வெயில் பட்டால்தான் உடையும் என்று கிடையாது, நடுராத்திரியிலும் உடையும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இந்த இடத்தில் கையில் இருக்கிற ஒரே பாதுகாப்பு, அதன் கீழே நிற்கிற நிமிடங்களைக் குறைத்துக்கொள்வது. வேகமாகப் போ, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்துவிடு. அன்றைக்கு நடந்ததை இந்த ஒரு விஷயத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கயிறு

அந்த வருடம் ஜூலை முழுக்க வானிலை மோசம். நெதர்லாந்து, தென்கொரியா, நார்வே, செர்பியா, இத்தாலி, பிரான்ஸ், அமெரிக்கா என்று பல நாட்டுக் குழுக்கள் அடிவார முகாமில் வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. மாதக் கடைசியில் சில நாள் காற்று அடங்கும் என்று முன்னறிவிப்பு வந்ததும் எல்லோரும் ஒரே நாளைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டில்நெக்கில் ஆளாளுக்குக் கயிறு கட்டினால் இடைஞ்சல் என்பதால் கூட்டம் போட்டுப் பேசி, கயிறு யார் கொண்டுவருவது, யார் முன்னால் போய்க் கட்டுவது என்று பிரித்துக்கொண்டார்கள். பொதுவாக இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு மொழி பேசாதவர்கள், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுப் பழகாதவர்கள், தாளில் போட்ட திட்டத்தை 8,000 மீட்டரில் நடத்திக்காட்ட வேண்டியிருந்தது.

முன்னால் போய்க் கயிறு கட்டும் குழுவை நடத்த வேண்டியவர் ஷாஹீன் பெய்க் என்ற பாகிஸ்தானியர். ஏற்கெனவே கே2 உச்சியைத் தொட்டவர், அந்தச் சந்தை ஏறி இறங்கிய அனுபவம் அந்தக் குழுவில் அவருக்குத்தான் இருந்தது. அவருக்கு மேல்முகாமுக்குப் போகும் வழியிலேயே உடம்பு முடியாமல் போய், இறங்க வேண்டியதாயிற்று. ஒரு ஆள் குறைந்தது என்று மட்டும் இதைப் பார்க்கக் கூடாது; கயிறு எங்கே தொடங்க வேண்டும் என்பது அவர் தலைக்குள் இருந்தது, அதுவும் அவரோடு இறங்கிப் போய்விட்டது.

ஆகஸ்ட் 1 அதிகாலையில், இருட்டில், மீதிப்பேர் கயிறு கட்ட ஆரம்பித்தார்கள். கயிறே தேவைப்படாத தோள்பகுதியிலேயே கட்டத் தொடங்கிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் சந்துக்குக் கீழே வந்து பார்த்தால், உண்மையில் ஆபத்தான இடத்துக்குக் கயிறு போதவில்லை. கீழே கட்டியதை அவிழ்த்து, அறுத்து, கைமாற்றி மேலே அனுப்ப வேண்டியிருந்தது. இதைக் கீழே உட்கார்ந்து வாசிக்கும்போது அரைமணி நேர வேலை போலத் தெரியும். அங்கே தடித்த கையுறையோடு ஒரு முடிச்சை அவிழ்ப்பதே ஒரு வேலை. நாலு அடி எடுத்து வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். இருட்டு இருக்கும்போதே சந்தைக் கடந்திருக்க வேண்டிய கூட்டம், பொழுது விடிந்து நன்றாக வெயில் ஏறிய பிறகும் அந்தப் பனிச்சுவருக்குக் கீழே வரிசையில் நின்றது.

ஒருவர் மட்டும் இந்த வரிசையில் இல்லை. ஸ்பெயினைச் சேர்ந்த பாஸ்க்காரர் அல்பெர்த்தோ செராய்ன். மூன்றாவது முகாமிலிருந்தே இரவில் கிளம்பி, நான்காவது முகாமில் மற்றவர்கள் புறப்படுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்து, கயிறு கட்டவும் கை கொடுத்து, எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார். மதியம் 3 மணிக்குத் தனியாக உச்சியில் நின்றார். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட்டார். அதே மலை, அதே நாள், தலைக்கு மேலே அதே பனிச்சுவர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக அவர் செய்தது பத்திரமான காரியம் என்று சொல்லமாட்டேன், ஆனால் வெளிச்சம் அவர் பக்கம் இருந்தது.

வரிசையில் நின்றவர்களில் செர்பியக் குழுவின் ட்ரென் மாண்டிச் சந்தில் கயிற்றிலிருந்து தன் கொக்கியைக் கழற்றிய ஒரு கணத்தில் தடுமாறி விழுந்தார். நூறு மீட்டருக்கும் மேல் சறுக்கிப் போனார், உயிர் போய்விட்டது. அவர் உடலைக் கீழே கொண்டுபோகக் குழுத்தோழர்கள் முயன்றபோது, உதவிக்கு வந்த பாகிஸ்தானியச் சுமைதூக்கும் பணியாளர் ஜஹான் பெய்க் காலிடறிச் சரிவில் போனார். அவர் நடந்துகொண்ட விதத்தில் உயர நோயின் அடையாளம் இருந்ததாகப் பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். ஆக, பனிக்கட்டி ஒரு துண்டுகூட விழாதபோதே இரண்டு சாவு. இறந்துபோனவரின் உடலுக்காக உயிரோடு இருப்பவரைப் பணயம் வைக்கக் கூடாது என்று உயரமலையில் ஒரு வழக்கம் உண்டு, கேட்பதற்குக் கல்நெஞ்சுப் பேச்சாக இருக்கும். ஜஹான் பெய்க்கின் சாவை வாசித்த பிறகு எனக்கு அது அப்படித் தெரியவில்லை.

சிலர் இந்த நிலைமையைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். அமெரிக்கக் குழுவோடு வந்திருந்த மருத்துவர் எரிக் மேயரும் ஸ்வீடன்காரர் ஃப்ரெட்ரிக் ஸ்ட்ராங்கும் வரிசையின் நீளத்தையும் நேரத்தையும் பார்த்து, இன்றைக்கு வேண்டாம் என்று முகாமுக்கு இறங்கினார்கள். செர்பியர்களும் சாவுக்குப் பிறகு திரும்பினார்கள். மற்றவர்கள் மேலே போனார்கள்.

மேலே போனவர்களின் மூளை

ஏன் போனார்கள்? இதற்கு 'உச்சி வெறி' என்று ஒரு சொல்லை வைத்து முடித்துவிடுவது எனக்குப் போதவில்லை. வெறி இருந்திருக்கலாம், இரண்டு மாதம் காத்திருந்தவர்கள், வருடக்கணக்கில் சேர்த்த பணம். ஆனால் யோசிக்கிற உறுப்பே சரியாக வேலை செய்யாத இடத்தில் நின்றுகொண்டு அவர்கள் யோசித்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் குறைகிறது என்று சொல்வது வழக்கம். கறாராகச் சொன்னால் அதன் பங்கு மாறுவதில்லை, கடற்கரையிலும் கே2 உச்சியிலும் சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 8,000 மீட்டரைத் தாண்டினால் அது கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நிற்கும். ஆக, நெஞ்சு நிறைய இழுத்தாலும் உள்ளே போவது மூன்றில் ஒரு பங்கு மூச்சுதான். கூடவே இன்னொன்று: பூமத்தியரேகைக்கு மேலே வளிமண்டலம் கொஞ்சம் தடிமன், வடக்கே போகப் போக மெலிவு. எவரெஸ்ட் 28 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, கே2 ஏறக்குறைய 36 டிகிரியில். அதனால் அதே உயரத்துக்குக் கே2 மேலே காற்று இன்னும் கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும்.

உடம்புக்குள் இது என்ன செய்கிறது என்று ஒருமுறை நேராகவே அளந்திருக்கிறார்கள். 2007இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் குழு ஒன்று எவரெஸ்ட் ஏறி, இறங்கும்போது 8,400 மீட்டரில் தொடையின் தமனியிலிருந்து தங்கள் ரத்தத்தையே எடுத்தது. உச்சியில் எடுப்பதுதான் திட்டம், குளிரும் காற்றும் விடவில்லை. அந்த ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் நாலு பேருக்குச் சராசரியாக 24.6 மில்லிமீட்டர் பாதரசம். நல்ல உடம்புக்குக் கடல்மட்டத்தில் அது 80 முதல் 100 வரை இருக்கும். இந்த எண்ணோடு ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் நினைவில்லாமல்தான் வருவார். இவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள், காரணம் வாரக்கணக்கில் ஏறி இறங்கி உடம்பைப் பழக்கியது. பழக்காத ஒருவரைத் திடீரென்று அந்த உயரத்தில் கொண்டுபோய் விட்டால் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும்.

பழக்கினாலும் அது கடன் வாங்கிய காலம்தான். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறும், சளியில் ரத்தம் வரும். மூளை வீங்கலாம், முதலில் தலைவலி, அப்புறம் கால் தள்ளாட்டம், அப்புறம் குழப்பம். தனக்குக் குழப்பம் வந்திருக்கிறது என்று குழம்பியவருக்குத் தெரியாது, அதுதான் இதில் கொடுமை. பக்கத்தில் இருப்பவர் கவனிக்க வேண்டும், அவருக்கும் அதே காற்றுதான். ஆக்சிஜன் சிலிண்டர் இந்த உயரத்தைக் கொஞ்சம் இறக்கிக் காட்டும், கடல்மட்டம் ஆக்கிவிடாது. திறந்து வைக்கும் அளவைப் பொறுத்துச் சில மணி நேரம் வரும், வரிசையில் சும்மா நின்றாலும் தீரும். அன்றைக்கு அப்படித்தான் தீர்ந்தது.

1921 முதல் 2006 வரை எவரெஸ்டில் நடந்த சாவுகளை அலசிய ஓர் ஆய்வு, இந்த விபத்து நடந்த அதே 2008இன் கடைசியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. 8,000 மீட்டருக்கு மேல் ஏறிய பிறகு செத்த 94 மலையேறிகளில் 53 பேர் உச்சியிலிருந்து இறங்கும்போது செத்தவர்கள். ஏறும்போது செத்தவர்கள் 9 பேர்தான். இறந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை மிதமிஞ்சிய களைப்பு, மனக்குழப்பம், உச்சிக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கே2 விபத்தை மனதில் வைத்து எழுதிய மாதிரி இருக்கும், ஆனால் அது எவரெஸ்டின் எண்பத்தைந்து வருடக் கணக்கு.

இதனால்தான் திரும்பும் நேரம் என்ற ஒன்றை அனுபவசாலிகள் கீழேயே முடிவு செய்துவிடுவார்கள். மதியம் இத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பு, உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பு. 1996 மே மாதம் எவரெஸ்டில் 8 பேர் புயலில் செத்ததற்கும் இந்த நேரத்தை மீறியதே பெரிய காரணமாகப் பேசப்பட்டது. கே2இல் அன்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர் இருந்தார், மொத்தக் கூட்டத்தையும் நிறுத்தித் திருப்பி அனுப்பும் அதிகாரம் ஒருவருக்கும் இல்லை. முன்னால் போகிறவர் திரும்பவில்லை, அதனால் பின்னால் வருகிறவரும் திரும்பவில்லை. வானமோ துடைத்துவிட்ட மாதிரி சுத்தம், காற்றே இல்லை. புயல் வந்திருந்தால் பயந்து திரும்பியிருப்பார்கள். வானிலை நன்றாக இருந்ததே அன்றைக்கு எமனாக வந்தது என்று எனக்குத் தோன்றும்.

இருட்டு

நார்வேயின் சிசிலி ஸ்கோக்கும் லார்ஸ் நெஸாவும் மாலை ஐந்து மணியைத் தாண்டி உச்சிக்கு வந்தார்கள். ஸ்கோக்கின் கணவர் ரோல்ஃப் பே உடம்பு சரியில்லாமல் உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே, ஏறக்குறைய நூறு மீட்டர் தூரத்தில், நின்றுவிட்டார். நீ போய்விட்டு வா, இங்கே இருக்கிறேன் என்று மனைவியை அனுப்பினார். கொரியர்கள், டச்சுக் குழு, இத்தாலியர் மார்கோ கன்ஃபோர்த்தோலா, பிரெஞ்சுக்காரர் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள், கடைசி ஆட்கள் ஏழு மணிக்கும் மேல். உச்சியில் படம் எடுத்தார்கள், செயற்கைக்கோள் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசினார்கள். மொத்தம் 18 பேர் அன்று உச்சி தொட்டார்கள். அதில் 7 பேர் கீழே வரவில்லை.

அன்றைக்கு அமாவாசை. ஆகஸ்ட் 1, 2008 அன்றுதான் சைபீரியா, மங்கோலியா, வடமேற்குச் சீனா வழியாக ஒரு முழு சூரிய கிரகணம் போனது, ஆகவே இரவில் நிலா வர வழியே இல்லை. நெற்றியில் கட்டிய விளக்கின் வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாத இருட்டில், பனிச்சுவரின் காலடியில் குறுக்குப் பாதையைக் கடக்க ஆரம்பித்தார்கள். ரோல்ஃப் பே முன்னால் போனார், மனைவியும் நெஸாவும் பின்னால். எட்டரை மணி வாக்கில் மேலே உடைந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த விளக்கு இல்லாமல் போனது. கயிறும் இல்லை.

ஸ்கோக்கும் நெஸாவும் கயிறு இல்லாமலே அந்தச் சந்தை இறங்கி முகாமுக்கு வந்துவிட்டார்கள். கணவர் கண்முன்னே போன அடுத்த நிமிடத்திலிருந்து அந்தப் பெண் அதைச் செய்தார். கயிறு போனால் சந்தை இறங்கவே முடியாது என்பது உண்மையில்லை என்பதை இது காட்டுகிறது. மேலே மாட்டிய பலர் கயிறு இருக்கும் என்ற கணக்கிலேயே வந்திருந்தார்கள், களைத்துப்போயிருந்தார்கள், சந்தின் வாசல் எங்கே என்றே இருட்டில் பிடிபடவில்லை. வசதிக்காகக் கட்டிய கயிறு, அது இல்லாமல் நகர முடியாத நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்திருந்தது.

அந்த இரவில் என் மனதை விட்டுப் போகாத காட்சி, நேபாளிகளான சிரிங் தோர்ஜே ஷெர்பாவும் பசாங் லாமாவும் இறங்கியது. பசாங் லாமா தன் பனிக்கோடரியைக் காலையிலேயே கயிற்றை நங்கூரமிடக் கொடுத்துவிட்டார். கோடரி இல்லாமல் அந்தச் சரிவில் நிற்பதே தற்கொலை. சிரிங் தோர்ஜே அவரைத் தன் இடுப்புப் பட்டையோடு கட்டிக்கொண்டார். இருவருக்கும் சேர்த்து ஒரு கோடரி. அதைக் குத்து, ஒரு காலை உதைத்து இறக்கு, அடுத்த காலை, பிறகு கீழே இருக்கிறவர் வெறுங்கையால் பனியைக் குத்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒருமுறை சறுக்கியும் விட்டார்கள், கோடரி பிடித்து நிறுத்தியது. ஒருவர் விழுந்தால் இருவரும் போவார்கள் என்று தெரிந்தே போட்ட முடிச்சு அது. இரண்டு பேரும் உயிரோடு முகாமுக்கு வந்தார்கள்.

டச்சுக் குழுத் தலைவர் வில்கோ வான் ரூயென், அயர்லாந்தின் ஜெரார்ட் மெக்டானல், கன்ஃபோர்த்தோலா மூவரும் வழி தெரியாமல் மேலேயே பனியில் குழி தோண்டி உட்கார்ந்து இரவைக் கழித்தார்கள். கூடாரம் இல்லை, சிலிண்டர் இல்லை. தூங்கிவிடாமல் ஒருவரை ஒருவர் உலுக்கிக்கொண்டு. உடம்பு இந்த மாதிரி நேரத்தில் கைகால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தி நெஞ்சுக்கும் மூளைக்கும் அனுப்பும், விரல்கள் முதலில் வலிக்கும், பிறகு வலி நின்றுவிடும். வலி நின்றதைத்தான் பயப்பட வேண்டும். வான் ரூயெனும் கன்ஃபோர்த்தோலாவும் பிறகு கால்விரல்களை இழந்தார்கள்.

இரண்டு சாட்சிகள்

மறுநாள் காலையில் இறங்க ஆரம்பித்தவர்கள், கயிற்றில் சிக்கித் தலைகீழாகவும் குறுக்காகவும் தொங்கிக்கொண்டிருந்த மூன்று பேரைப் பார்த்தார்கள், கொரியக் குழுவினரும் அவர்களோடு வந்த நேபாளி ஜூமிக் போட்டேயும். இரவு முழுக்க அப்படியே கிடந்திருக்கிறார்கள். மெக்டானலும் கன்ஃபோர்த்தோலாவும் அவர்களை விடுவிக்க மணிக்கணக்கில் முயன்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் சண்டை. கன்ஃபோர்த்தோலா சொன்னது: மெக்டானல் திடீரென்று ஒன்றும் பேசாமல் மேலே ஏறிப் போக ஆரம்பித்தார், மனக்குழப்பமாக இருக்கும் என்று நினைத்தேன், பிறகு நான் இறங்கிவிட்டேன், பனிச்சரிவில் அவருடைய பூட்ஸ் வந்ததைப் பார்த்தேன். வான் ரூயெனும் அவருடைய குழுவைச் சேர்ந்த பெம்பா கியால்ஜே ஷெர்பாவும் நம்புவது வேறு: கீழிருந்து மீட்கப்போன பசாங் போட்டே, சிக்கியிருந்தவர்கள் விடுபட்டு இறங்கி வருவதாக வாக்கிடாக்கியில் சொன்னார், அப்படியானால் அவர்களை விடுவித்தது யார்? மெக்டானல் மேலே போனது கயிற்றின் நங்கூரத்தைச் சரிசெய்யத்தான், அவர்தான் விடுவித்தார்.

எனக்கு இரண்டாவது கணக்கு பொருந்துகிற மாதிரித் தெரிகிறது. ஆனால் கன்ஃபோர்த்தோலா பொய் சொன்னார் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு இரவு முழுக்க 8,300 மீட்டருக்கு மேலே ஆக்சிஜன் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர், கொஞ்ச நேரத்தில் சந்தின் அடியில் நினைவிழந்து விழப்போகிறவர், அவர் பார்த்ததும் நினைவில் வைத்ததும் கோர்ட்டில் கொடுக்கிற சாட்சியம் மாதிரி இருக்காது. உயரமலை விபத்துகளை ஆராய்வதில் இது எப்போதும் இருக்கிற சிக்கல், சம்பவ இடத்துக்கு யாரும் போய்ப் பார்க்க முடியாது, சாட்சிகள் எல்லோரும் அரைமயக்கத்தில் இருந்தவர்கள்.

பெம்பா கியால்ஜே செய்ததில் மட்டும் யாருக்கும் தகராறு இல்லை. சிலிண்டர் இல்லாமல் உச்சிக்குப் போய், இருட்டில் இறங்கி முகாமுக்கு வந்தவர், மறுநாள் திரும்ப மேலே போய்ச் சந்தின் அடியில் கிடந்த கன்ஃபோர்த்தோலாவைக் கண்டுபிடித்து ஆக்சிஜன் கொடுத்து எழுப்பினார். அந்த நேரத்திலேயே மறுபடியும் பனிச்சுவர் உடைந்து, ஜூமிக் போட்டே, அவரை மீட்கப்போன உறவினர் பசாங் போட்டே, கூட இருந்த கொரியர்கள் எல்லோரையும் அடித்துக்கொண்டு போனது. பெம்பா கன்ஃபோர்த்தோலாவை இறுகப் பிடித்துக்கொண்டதால் அவர் தப்பினார். அதற்குப் பிறகு, வழிதவறிப்போய் மலையின் வேறு பக்கத்தில் அலைந்துகொண்டிருந்த வான் ரூயெனைத் தேடிப் போனார்கள். அவர் மனைவிக்குப் போன் செய்திருந்தார், அந்த அழைப்பு எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை வைத்து இடத்தைக் குறுக்கினார்கள். இன்னும் ஒரு இரவு வெளியில் கழித்த பிறகுதான் அவர் கிடைத்தார்.

செத்த 11 பேரில் நாலு பேர் கூலிக்கு ஏறியவர்கள், இரண்டு பாகிஸ்தானியர், இரண்டு நேபாளிகள். அப்போது வந்த செய்திகளில் அவர்களுடைய பெயர் கடைசிப் பத்தியில் இருந்தது. கே2இல் இது பழைய வழக்கம். 1954இல் முதல் ஏற்றத்துக்கு முந்தின இரவு, உச்சிக்குப் போகிற இருவருக்காக ஆக்சிஜன் சிலிண்டரைச் சுமந்துபோன வால்டர் பொனாத்தியும் ஹூன்ஸா பகுதியைச் சேர்ந்த அமீர் மெஹ்தியும் 8,100 மீட்டர் வாக்கில் கூடாரமில்லாமல் வெட்டவெளியில் மாட்டினார்கள். மெஹ்தியின் கால்விரல்கள் மொத்தமும் போயின. உச்சியில் எடுத்த படத்தில் அவர் இல்லை.

இப்போது அங்கே

விபத்தின் காரணம் என்ன என்று ஒரே வரியில் கேட்டால் எனக்கு வருகிற பதில், செராக்கின் கீழே ஏறவும் இறங்கவும் செலவழித்த மணிநேரம். அன்றைக்குத் திட்டப்படி நடந்திருந்தாலும் யாராவது அதன் கீழே இருக்கும்போது அது உடைந்திருக்கலாம், அந்த ஆபத்தை யாராலும் பூஜ்யமாக்க முடியாது. ஆனால் எட்டரை மணிக்கு அங்கே ஆள் இருந்திருக்கமாட்டார்கள்.

2008க்குப் பிறகு பாட்டில்நெக் மாறவில்லை, வரிசைதான் மாறியது. 2021 ஜனவரி 16 அன்று பத்து நேபாளிகள் சேர்ந்து முதன்முறையாகக் குளிர்காலத்தில் உச்சியை அடைந்தார்கள். அப்புறம் எவரெஸ்ட் மாதிரியே, பணம் கட்டினால் கயிறும் சிலிண்டரும் ஆளும் ஏற்பாடு செய்து கூட்டிப்போகும் நிறுவனங்கள் பெருகின. சாவு விகிதம் இறங்கியிருக்கிறது, உண்மைதான். நல்ல சிலிண்டர், நல்ல முன்னறிவிப்பு, சந்தில் முன்கூட்டியே கட்டிய கயிறு. ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் உச்சி தொட்ட நாட்களும் உண்டு. நூறு பேர் தொட வேண்டுமானால் நூறு பேர் அந்தப் பனிச்சுவருக்குக் கீழே நிற்கவும் வேண்டும்.

2023 ஜூலை 27 அப்படி ஒரு நாள். கயிறு கட்டும் வேலையில் இருந்த பாகிஸ்தானியப் பணியாளர் ஒருவர் அதிகாலை இருட்டில், பாட்டில்நெக் பகுதியின் குறுகலான தடத்தில் சறுக்கிக் கயிற்றில் தலைகீழாகத் தொங்கினார். மேலே இழுத்துப் போட்டார்கள், சிலர் கூட இருந்து ஆக்சிஜன் கொடுத்தார்கள், காப்பாற்ற முடியவில்லை. அந்த உயரத்துக்குத் தேவையான உடை அவரிடம் இல்லை என்று பிறகு பேசப்பட்டது, கில்கித்-பால்திஸ்தான் அரசு விசாரணைக் குழுவும் போட்டது. அன்றைக்கு மேலே பறந்த ட்ரோன் எடுத்த படம் ஒன்று இருக்கிறது: பாதத்தளவு அகலமான தடம், அதில் கிடக்கும் ஒருவர், ஒவ்வொருவராகக் கொக்கியைக் கழற்றி அவரைத் தாண்டி மறுபடி மாட்டிக்கொண்டு மேலே போகும் வரிசை, படத்தின் மேல்விளிம்பில் அதே பனிச்சுவர்.